குழாய் பார்த்த திசை: ஒரு கொடை ராத்திரியின் நினைவுகளை வாசித்தல்

எழுபதுகளின் கோயில் கொடையைப் பற்றி யார் எழுதினாலும் 'ஊரே கூடியிருந்தது' என்கிற வாக்கியம் ஏதாவது ஓரிடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, குமரிப் பக்கத்திலிருந்து வருகிற நினைவுக் கட்டுரைகள், கொடை மலர்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். ஓலைப் பந்தல், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், விடிய விடிய வில்லுப்பாட்டு, சுக்குக் காப்பி, அப்புறம் இந்த வாக்கியம். நானும் எழுதியிருக்கிறேன். எம்.ஏ. படித்தபோது வில்லுப்பாட்டைப் பற்றிச் செய்த ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே, 'மக்கள் கலை', 'கூட்டு நினைவு' என்ற இரண்டு பெரிய சொற்களுக்கு நடுவில் அது இருக்கிறது. அந்த ராத்திரிகளில் நான் பிறக்கவே இல்லை என்பது ஒரு பக்கம் கிடக்கட்டும். 'ஊர்' என்று எழுதினேனே, அது எந்த ஊர்? தமிழில் அந்தச் சொல்லுக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சொல் நிற்கிறது என்பதைத் தமிழ் படித்தவனுக்கு யாராவது சொல்லித்தரணுமா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் கொடை மலர் ஒன்று போட வேண்டும் என்று கமிட்டியில் முடிவெடுத்து, பழைய ஆட்களின் நினைவுகளைத் தொகுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எழுதத் தெரிந்தவன் என்று ஒருவன் ஊரில் இருந்தால் இப்படித்தான். அப்பாவிடமிருந்து தொடங்கினேன். அவருக்கு 1973-ஆம் வருஷத்துக் கொடைதான் கொடை. வருஷத்தை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றால், "எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பிச்சதுக்கு அடுத்த சித்திரைல்லா" என்றார். கட்சி 1972 அக்டோபரில் வந்தது. கணக்குச் சரிதான். வில்லுக்கு முதல் தடவையாக மைக் செட் வைத்த வருஷமும் அதுவாம்.

அப்பா ஒன்றரை மணி நேரம் பேசினார். கேட்டதை எழுதிப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. பாட்டைப் பற்றி அதில் அநேகமாக ஒன்றுமே இல்லை. அண்ணாவி போட்டிருந்த ஜிப்பா, கைமோதிரம். குடம் அடித்தவரின் வெற்றிலை வாய். முன்வரிசைப் பாயில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் யாரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார்கள், திருநீறு யாருக்கு முதலில் கொடுக்கப்பட்டது, அதில் வந்த தகராறு. அவர் நினைவில் இருப்பது ஒரு வரைபடம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒரு இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. பேச்சை முடிக்கும்போது, "வீட்ல ஒரு ஈ காக்கா கிடையாது, ஊரே அங்கதான்" என்றார்.

உள்ளறையிலிருந்து ஆச்சி, "நான் எங்கலே இருந்தேன்? அடுப்படிலல்லா இருந்தேன்" என்றாள்.

ஆச்சிக்கு அந்தக் கொடையில் கேட்ட பாட்டு என்று ஒன்றும் ஞாபகம் இல்லை. பாட்டு நின்ற இடம் ஞாபகம் இருக்கிறது. தாத்தா கோமரத்தாடி. வரத்துப் பாட்டு ஏறி ஏறிப் போய் உடுக்கை மட்டும் தனியாகக் கேட்டால் அவருக்குச் சாமி வந்துவிட்டது என்று அர்த்தம். ஈரக் கையோடு வாசலுக்கு ஓடிவந்து நிற்பாளாம், பூக்குழிப் பக்கம் போய் விழுந்து தொலைப்பாரோ என்று. திரும்பவும் வில்லுமணி குலுங்கிய பிறகுதான் அடுப்பு. வேறொரு வருஷம் பெண் ஒருத்தி தலைமைப் பாட்டுக்காரியாக வந்து வில்லடித்தபோது மட்டும் அடுப்பை அப்படியே போட்டுவிட்டுக் களத்துக்குப் போய் உட்கார்ந்தாளாம். குமரி மாவட்டத்துப் பூங்கனியைப் போல வில்லின் நடுவில் உட்கார்ந்து பாடிய பெண்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். பூங்கனி 2018-இல் இறந்துபோனார். வந்தது யார் என்று ஆச்சிக்குப் பெயர் தெரியவில்லை. "வீசுகோல அவ பிடிச்ச பிடி இருக்கே" என்று மட்டும் சொன்னாள்.

இதையெல்லாம் மலரில் போடலாம். 'பல்வேறு பார்வைகள்' என்று தலைப்புக்கூடக் கொடுத்துவிடலாம். சிக்கல் வந்தது குழாயால்.

மைக் செட்டைப் பற்றி அப்பா பெருமையாகச் சொன்ன ஒரு தகவல்: அன்றைக்கு இரண்டு குழாய்கள் கட்டினார்களாம். ஒன்று பந்தக்காலில், களத்தைப் பார்த்து. இன்னொன்று பனைமரத்து உச்சியில், கிழக்கே குளத்தைப் பார்த்து. குளத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் முந்தைய வருஷமே மைக் செட் வைத்துவிட்டார்கள், அவர்கள் காதில் விழணும் என்று. சரி, இரண்டு ஊருக்கும் நடுவில் குளத்தங்கரையை ஒட்டி ஒரு தெரு இருக்கிறதே, அருந்ததியர் தெரு, அவர்கள் எங்கே இருந்து கேட்டார்கள் என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அவனுவளுக்கும் கேட்டிருக்கும்" என்றார்.

கேட்டிருக்கும். இந்த வினைமுற்றைத்தான் நான் ஒரு வாரம் சுமந்துகொண்டு திரிந்தேன்.

அந்தத் தெருவில் அப்பாவைவிட நாலைந்து வயது மூத்த ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். அவருடைய தகப்பனார்தான் கால்நாட்டு முடிந்ததும் தெருத்தெருவாகக் கொட்டடித்துக் கொடை சாட்டியவர். அந்தக் கொட்டை எங்கள் ஊரில் ஒருவரும் 'இசை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. என் ஆய்வேட்டின் இசைக்கருவிகள் பட்டியலிலும் வில், வீசுகோல், உடுக்கை, குடம், தாளம், கட்டை எல்லாம் இருக்கின்றன. கொட்டு இல்லை. அவர் என்னைத் 'தம்பி' என்றார். அப்பாவைப் பற்றிப் பேசும்போது 'மொதலாளி' என்றார். அப்பா அவரைச் சொல்லும்போது 'அவன்'. வயதுக்கு மரியாதை கொடுப்பது தமிழ்ப் பண்பாடு என்று வகுப்பில் எழுதவைத்தார்கள்.

அவர் சொன்னது: "தெளிவாக் கேக்கும் தம்பி. கோயில்ல இருக்கவனுக்கு ஆளுக்காளு பேச்சு, பிள்ள அழுக, சண்ட. எங்களுக்கு அது ஒண்ணுங் கிடையாது. குளத்தங்கரைல துண்ட விரிச்சுப் படுத்துக்கிட்டா வானத்துலருந்து வார மாதிரி வரும். தண்ணி கிடந்தா இன்னும் நல்லா வரும்." அண்ணாவியின் முகத்தை அவர் பார்த்ததில்லை. ஜிப்பா தெரியாது, மோதிரம் தெரியாது. ஆனால் காப்பு தொடங்கி வாழி பாடுகிற வரைக்கும் எதற்குப் பின் எது வந்தது, எந்த இடத்தில் வலத்தே பாடுகிறவர் குரல் கம்மியது, எங்கே குடத்துக்காரர் தாளத்தை ஒரு இழை பிந்த விட்டார், எல்லாம் சொன்னார். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு. பார்க்க விடாதவர்களுக்குக் காது மட்டும் மிஞ்சியது. அதை அவர்கள் முழுசாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பாடியது முத்துப்பட்டன் கதை. எங்கள் கோயிலில் ஓரமாகப் பட்டவராயன் நிற்கிறார், இரண்டு பக்கமும் பொம்மக்கா, திம்மக்கா. கதை தெரியாதவர்களுக்காக: பிராமணனான முத்துப்பட்டன் அண்ணன்மாரோடு பிணங்கிப் போகிறவன். வாலப்பகடை என்கிற சக்கிலியரின் மகள்கள் இருவரையும் காட்டில் கண்டு மனைவியாகக் கேட்கிறான். தகப்பன் நிபந்தனை போடுகிறார். பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, செருப்புத் தைத்துக்கொண்டு வந்து பெண் கேள் என்கிறார். பட்டன் செய்கிறான். கட்டிக்கொள்கிறான். மாமனாரின் மாடுகளை மீட்கப் போய்ச் சாகிறான். பெண்கள் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசம் மலைமேல் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றும் செருப்புத்தான் காணிக்கை.

இந்தக் கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்து 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கதையில் நடந்த ஒரு மோசடியை அவர் அடையாளம் காட்டினார். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்களே, காட்டில் விடப்பட்ட குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு பகுதி பின்னால் சேர்க்கப்பட்டிருக்கிறது. சேர்த்த பிறகு பட்டன் செய்த காரியத்துக்கு என்ன அர்த்தம் மிஞ்சுகிறது? சாதி மாறிக் கட்டியவன், கடைசியில் தன் சாதியிலேயே கட்டியவனாகிப் போகிறான். நா.வா. செய்தது பெரிய காரியம். நாட்டார் பிரதி ஒரு புனிதமான ஒற்றைக் குரல் அல்ல, அதற்குள்ளேயும் வர்க்கமும் சாதியும் கைவைத்திருக்கின்றன என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் முழுக்க இந்த இடைச்செருகலைப் பற்றித்தான். அசல் பாடம் எது, திரிந்த பாடம் எது, திருத்தியவர் யாருக்காகத் திருத்தினார்.

எங்கள் கொடையில் எந்தப் பாடம் பாடினார்கள்? அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. "அய்யர் வீட்டுப் பிள்ளைகதான் அது. எடுத்து வளத்தாரு." கரைக்காரர் அதைச் சொல்லவே இல்லை. பெண்கள் பகடை மக்கள்தான். செருப்புத் தைக்கிற இடத்தை மட்டும் கால்மணி நேரம் சொன்னார்: தோலை ஊறப்போடுவது, அறுப்பது, குத்தூசி, வார். பாட்டுக்காரருக்கு அவ்வளவு தெரிந்திருக்குமா, தன் தொழிலறிவை இவர் பாட்டில் சேர்த்துக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. ஒரே ராத்திரி, ஒரே அண்ணாவி, ஒரே மைக். இரண்டு கதை. பாடபேத வியாதி பிடித்த நான் விடவில்லை. குழந்தைகளைக் காட்டில் எடுக்கிற பகுதி அன்றைக்கு வந்ததா இல்லையா என்று நேரடியாகவே கேட்டேன்.

"வரும் தம்பி. பாடுவாங்க. அது வரும்போது நாங்க பீடி பத்த வைக்க எந்திரிச்சிருவோம்."

எல்லாருமா?

"எல்லாருந்தான். அது மொதலாளிமாருக்குப் பாடுதது. முடிஞ்ச பெறகு வந்து படுத்துக்கிடுவோம்."

ஆசிரியன் செத்துப்போனான், வாசகன் பிறந்துவிட்டான் என்று தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. அதையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துப் படித்து வளர்ந்தவன் நான். பார்த்தைப் படிப்பதற்கு எங்கள் குளத்தங்கரையைத் தாண்டித்தான் பஸ் ஏறினேன். அந்தக் கரையில் ஒரு தெருவே சேர்ந்து, சொல்லிவைத்தாற்போல, ஒரு பிரதியின் இன்ன பகுதி நமக்கில்லை என்று எழுந்து போய் வெட்டி எறிந்திருக்கிறது. கையில் பேனா இல்லாமல் நடந்த பதிப்பு வேலை. நா.வா. திருத்தியவனைக் கண்டுபிடித்தார். திருத்தத்தைக் கேட்க மறுத்தவர்களை அவர் முறையியலால் கண்டிருக்க முடியாது. ஏடும் அச்சும் அதைக் காட்டாது. ஒலிநாடாவில்கூடப் பதிவாகாது. நாடா மைக்குக்குப் பக்கத்தில் சுழன்றுகொண்டிருக்கும், பீடி கரையில் எரிந்துகொண்டிருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் குமரி மாவட்டத்தில் களப்பணி செய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல், வில்லுப்பாட்டை அச்சுப் பிரதியிலிருந்து மீட்டு நிகழ்த்துதலாகப் பார்த்தது. கதை சாவை நெருங்க நெருங்கப் பாட்டும் சடங்கும் சாமியாட்டமும் ஒரு புள்ளியில் எப்படிக் குவிகின்றன என்பதை அதைப்போல் விளக்கிய நூல் அபூர்வம். வில்லுக்காரர்கள் சாமிக்கு எதிர்முகமாக உட்கார்ந்து பாடுகிறவர்கள். சபையைப் பார்த்து அல்ல. இதெல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பார்வை மையத்தை நோக்கியே போகிறது. குழாய் கட்டிய பிறகு வில்லுப்பாட்டுக்கு மையம் மட்டும் போதாது. சாமியைப் பார்த்து உட்கார்ந்தவரின் குரலைப் பனைமரத்துக் குழாய் எதிர்த்திசையில் திருப்பிவிடுகிறது. கிழக்கூர்க்காரனுக்கு வீம்பு காட்டக் கட்டிய கருவி, இடையில் கிடந்த தெருவுக்கு அவர்களுடைய கதையையே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. கட்டியவர்கள் நினைத்துச் செய்ததில்லை. நன்றி சொல்ல வேண்டிய விஷயமும் இல்லை.

அதே பத்தாண்டில் இன்னொரு வில்லுப்பாட்டும் இருந்தது. கலைவாணரோடு தொடங்கிய சுப்பு ஆறுமுகம் அதை வானொலிக்கும் சபா மேடைக்கும் கொண்டுபோனார். காந்தி கதையும் பாரதி கதையும் வில்லில் வந்தன. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம்கூட வில்லில் நடந்தது. சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அடுத்த வருஷம் காலமானார். அந்த வில்லைக் குறை சொல்ல நான் வரவில்லை. அங்கே டிக்கெட் எடுத்தவர்கள், ரேடியோவைத் திருகியவர்கள் எல்லாருக்கும் கேட்கும். கேட்கக்கூடாத இடத்தில் கிடந்து கேட்பது என்ற நிலைமை மட்டும் அங்கே இல்லை. கரைக்காரரின் கேட்பு முறை சபாவில் உருவாகியிருக்கவே முடியாது.

மலருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்று பேரின் நினைவுகளையும் அவரவர் பேச்சிலேயே எழுதிக் கொடுத்தேன். அப்பாவுடையது வந்தது. ஆச்சியுடையது 'தாய்மார்கள்' என்ற பெட்டிச் செய்திக்குள் நாலு வரியாக வந்தது. கரைக்காரருடையது பக்கம் போதவில்லை என்று வரவில்லை. வரி கொடுக்கிற தலைக்கட்டுகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் ஒன்பது பக்கம். அட்டையைத் திறந்ததும் கமிட்டித் தலைவரின் வாழ்த்துரை. முதல் வாக்கியம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதை என் ஆய்வேட்டிலிருந்துகூட எடுத்திருக்கலாம், யார் கண்டது.

இப்போது வில்லு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆடல் பாடல். குழாய் போய்ப் பெட்டி ஸ்பீக்கர் வந்துவிட்டது, தரையில் அடுக்கி ஆட்களைப் பார்த்து வைக்கிறார்கள். நெஞ்சு அதிர்கிறது. கரைக்குப் போய் நின்று பார்த்தேன், தொம் தொம் என்று அடி மட்டும் வருகிறது, சொல் வரவில்லை. மலரில் போடாததைச் சொல்லப் பெரியவர் வீட்டுக்குப் போனபோது அதைத்தான் முதலில் பேசினோம். வருகிற சித்திரைக்குக் களத்துக்கே வாருங்கள், முன்னால் உட்கார்ந்து கேட்கலாம் என்று கூப்பிட்டேன். கூப்பிட்டபோதே என் குரலில் இருந்த தாராளம் எனக்கே கூசியது.

அவர் சிரித்தார். "வாரேன். வரி எங்ககிட்ட வாங்குவாங்களா, கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

வரி வாங்கினால் தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் கணக்குக் கேட்கலாம், எந்தக் கதையை எப்படிப் பாட வேண்டும் என்று அண்ணாவியிடம் சொல்லலாம். அப்பாவிடம் கேட்டேன். கமிட்டியில் பேசிப் பார்க்கணும் என்றார். கமிட்டி தைப்பொங்கலுக்குப் பிறகு கூடுகிறது.