முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

ஆங்கிலத்தில் வினைச்சொல்லைவிட அதற்குக் காவல் நிற்கும் குட்டிச் சொற்கள்தான் எனக்கு ருசி. முன்னால் கேன், குட், மைட், வோன்ட். பின்னால் அப், ஆஃப், அவுட், வித். முன்னது பேசுகிறவரின் மனத்தைக் காட்டும். பின்னது வினையின் பொருளையே புரட்டிப் போட்டுவிடும். பிறமொழிக்காரர்கள் அதிகம் திணறுவது இந்தப் பின்னொட்டில்தான் என்று, 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் எழுதிவிட்டார். வினையும் இந்தப் பின்னதும் சேர்ந்த ஜோடிக்கு ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயர் 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூல் வழியாகத்தான் பரவியது.

முன்னதும் பின்னதும் தனித்தனியே நின்று வேலை பார்ப்பதில்லை. ‘ஐ குட் டூ வித் எ கப் ஆஃப் டீ’ என்கிறார் ஒருவர். ஒரு டீ கிடைத்தால் தேவலை என்று அர்த்தம். ‘குட்’டை எடுத்துவிட்டு, ‘ஐ டூ வித் எ கப் ஆஃப் டீ’ என்று சொல்லிப் பாருங்கள். ஆசையும் போயிற்று, ஆங்கிலமும் போயிற்று. கறாரான இலக்கணக்காரர்கள் இந்த ‘வித்’தை ஃபிரேசல் வெர்பில் சேர்க்காமல் பக்கத்து வகுப்பில் உட்கார வைப்பார்கள், இருக்கட்டும். நம்முடைய ‘கிடைத்தால்’ செய்கிற வேலையை அங்கே ‘குட்’ செய்கிறது: கேட்டும் கேட்காததுபோல் ஒரு பதவிசு. அதே ‘வித்’தோடு ‘அவுட்’ சேரட்டும். ‘ஐ குட் டூ விதவுட் யுவர் அட்வைஸ்’. பதவிசு அப்படியே இருக்க, உங்கள் புத்திமதி எனக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே கதவு சாத்தியாகிவிடுகிறது.

‘தி லிட் வோன்ட் கம் ஆஃப்.’ ஊறுகாய் பாட்டிலின் மூடியைப் பற்றிய வாக்கியம். ‘வோன்ட்’டுக்குள் இருக்கும் ‘வில்’ என்பது பழைய ஆங்கிலத்தில் விரும்புவதைக் குறித்த வினை. அந்த விருப்பம் இன்னும் உள்ளே இருப்பதால்தான் மூடிக்கும் பிடிவாதம் வருகிறது. தமிழிலும் ‘மூடி திறக்க மாட்டேங்குது’ என்கிறோம். ‘மாட்டேன்’ என்ற தன்மை ஒருமையை மூடியின் வாயில் வைத்து, ‘என்கிறது’ என்று அஃறிணையில் முடிக்கும் இந்தத் துணிச்சலை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இது: ‘தி பிளான் மைட் ஹாவ் பீன் கிவன் அப்.’ தமிழில், ‘திட்டம் கைவிடப்பட்டிருக்கலாம்.’ ஆங்கில வினைத்தொடரைக் கடைசியிலிருந்து படியுங்கள். ‘அப்’புக்குக் கை, ‘கிவன்’னுக்கு விட, ‘பீன்’னுக்குப் பட்டு, ‘ஹாவ்’வுக்கு இரு, ‘மைட்’டுக்கு லாம். கண்ணாடியில் பார்த்ததுபோல் ஐந்தும் தலைமாறி நிற்கின்றன. ‘விடு’வோடு ‘கை’ சேர்ந்து வேறு பொருளானதும், ‘கிவ்’வோடு ‘அப்’ சேர்ந்து வேறு பொருளானதும் ஒரே மாதிரியான காரியம்.

இதனால் கேட்கிறவரின் அனுபவமும் மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் சந்தேகம் முதலில் காதில் விழும். ‘மைட் ஹாவ்’ இரண்டும் பேச்சில் நசுங்கி ‘மைட்டவ்’ ஆகும். என்னதான் ஆயிற்று என்பதற்கு ‘அப்’ வரை காத்திருக்க வேண்டும். குரல் ஏறுவதும் அங்கேதான். தமிழில் கெட்ட செய்தி முதலில் வந்துவிடும். திட்டம் போயே போயிற்று என்று நினைத்த பிறகுதான், கடைசி அசையில் ‘லாம்’ வந்து அது வெறும் ஊகம் என்கிறது.