வாய்பொத்தலும் பல்காட்டலும்

விக்கிரமங்கலம் கடைத்தெருவில், டீக்கடைப் பேப்பரை விரித்தபோது உள்ளேயிருந்து ஒரு நோட்டீஸ் விழுந்தது. நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றின் விளம்பரம். கோட்டு போட்ட ஆண் ஒருவன் முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்கிறான். பல் வெளுத்தால் தன்னம்பிக்கை வரும், தன்னம்பிக்கை வந்தால் வேலை வரும், வேலை வந்தால் பதவி உயர்வு வரும் என்று வாசகம் படிப்படியாக ஏறுகிறது. இதுநாள்வரை பெண்ணுக்குச் சொல்லிவந்த பாடம் இப்போது ஆணுக்கும்.

கசக்கிப் போட்டிருப்பேன். ஆனால் அதே வாரம்தான் எங்கள் தெருத் தம்பி ஒருவன் துணிக்கடை நேர்முகத்துக்குப் போய்த் திரும்பியிருந்தான். பி.காம். படித்தவன். முன்பல்லில் இரண்டு கறைபிடித்தவை, ஒன்று பாதி சொத்தை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னானாம். சொல்லும்போது கை தானாக வாய்க்குப் போய்விட்டதாம். “வாயிலேருந்து கையை எடுத்துட்டுப் பேசுப்பா” என்றாராம் மேனேஜர்.

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் கேள்வி. தன்னம்பிக்கைக் குறைவு என்கிறது நோட்டீஸ். கைகட்டி வாய்பொத்தி நிற்பது என்று நம் மொழியில் ஒரு தொடர் இருக்கிறதே, அது யாருடைய மனக்கூச்சத்தைப் பற்றியது? ஆண்டையின் முன்னால் வாய் பொத்தியது கூச்சத்தால் அல்ல, கட்டளையால். மூச்சுக்காற்று படக்கூடாது, எச்சில் தெறிக்கக்கூடாது என்ற தீட்டின் தர்க்கம் அது. ஒழுங்குபடுத்தப்பட்ட உடல் பற்றி ஃபூக்கோ சிறைகளையும் படைமுகாம்களையும் வைத்துப் பேசினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, களத்துமேடு போதும்.

பல்லைக் காட்டுவதைப் பற்றியும் நம் மொழி நல்லதாக எதையும் சொல்லவில்லை. பல்லிளிப்பது என்றால் கெஞ்சுவது, மானம் கெடுவது. மீசைக்குத் தந்த மரியாதையை நம் ஆண்மை பல்லுக்குத் தந்ததில்லை. முத்து, முல்லையரும்பு எல்லாம் புலவர்கள் பெண்ணின் பல்லுக்கு ஒதுக்கியவை. (விக்கிரமங்கலத்தில் கிடைத்த சோழர்காலப் புத்தருக்கும் உதடு மூடித்தான் இருக்கிறது.) ஐரோப்பாவும் ரொம்பக் காலம் அப்படித்தான். 1787இல் பாரிசில் விஜே லெ ப்ரன் என்ற ஓவியர் தன் தற்படத்தில் லேசாகப் பல் தெரிய வரைந்ததற்கே அநாகரிகம் என்று முணுமுணுத்தார்கள். ஆக, பல் தெரியச் சிரிப்பது மனித இயல்பு, அது தடைபட்டால் நோய் என்பதெல்லாம் அண்மைக்காலச் சொல்லாடல். சிரிப்பு எப்போது கூலிவேலையின் பகுதி ஆயிற்று என்பதை விமானப் பணிப்பெண்களை வைத்து ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983லேயே எழுதிவிட்டார். அன்று அது ஆகாயத்தில். இன்று ஜவுளிக்கடை, செல்போன் கடை, ஓட்டல் வாசல் எல்லாவற்றிலும். தாத்தாவை வாயை மூடச் சொன்னார்கள், பேரனைத் திறக்கச் சொல்கிறார்கள். சொல்கிற இடம் மாறவில்லை.

திறந்தால் தெரிவது என்ன? நோட்டீஸ் அதை ‘உங்கள் பராமரிப்பின்மை’ என்று படிக்கிறது. பல்லில் இருப்பது தண்ணீர், கூலி, வேலைநேரம், புகையிலை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புப் பாறை. சிமெண்ட் ஆலைகள் வந்ததே அதற்காகத்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறை வேறு, அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போன தண்ணீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்து வளர்ந்தால், முளைக்கும்போதே பல் கறையோடுதான் முளைக்கும். எந்தப் பேஸ்ட்டும் அதைத் தேய்த்து எடுக்காது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது அதனால்தான். அதற்கு முன் வளர்ந்த தலைமுறையின் வாயில் அரசின் தாமதம் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வாயோடு நேர்முகத்துக்குப் போகிற பையனிடம் தன்னம்பிக்கை பற்றிப் பேசுவது அயோக்கியத்தனம் என்றே சொல்வேன்.

புகையிலையும் அப்படித்தான். வெயிலில் நிற்கிற உடம்புக்குப் பசியை அமுக்கவும் தூக்கத்தைத் தள்ளவும் மலிவாகக் கிடைத்த சரக்கு. அடுத்தது காசு. 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். ஒரு பல்லுக்கு ரூட் கெனால் செய்து உறை போட, தனியாரிடம் பல ஆயிரம். அதனால் ஏழை பல்லைப் பிடுங்கிக்கொள்கிறான், வசதி உள்ளவன் காப்பாற்றிக்கொள்கிறான். நாற்பது வயதில் இரண்டு வாய்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வர்க்கம் தெரியும். அதை ஒழுக்கம் என்று பெயர் மாற்றுவதுதான் விளம்பரத்தின் வேலை.

இந்த இடத்தில் நம்மாட்கள் சிலர் வேப்பங்குச்சியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உப்பும் கரியும் வைத்துத் தேய்த்தவனைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்துவிட்டு, பிறகு உப்பையும் கரியையும் பேஸ்ட்டுக்குள் அடைத்து நமக்கே விற்றார்கள் என்பது உண்மை. அதற்காகச் செங்கல்பொடி புனிதமாகிவிடாது. அது எனாமலைத் தேய்த்துவிடும். சொத்தைப்பல் வலியில் ராத்திரி முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனிடம் மரபு பேசக்கூடாது. பல் வைத்தியம் வேண்டும், ஊருக்குப் பக்கத்திலேயே வேண்டும், இலவசமாக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்காக 2023இல் ‘புன்னகை’ என்ற பெயரில் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் பெயரைப் பாருங்கள். ‘மெல்லுதல்’ என்று வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்த விஷயத்தில் ராணுவம் வெளிப்படையானது. அங்கே பல்லுக்குப் புள்ளி. முன்பல்லுக்கு ஒன்று, கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு, முழுவாய்க்கு 22. தேற 14 வேண்டும். அங்கே அழகு கணக்கில் இல்லை, மெல்லத் தெரிந்தால் சரி. ஒரு காலத்தில் தோட்டாவின் காகித உறையைப் பல்லால் கடித்துத்தான் கிழிக்க வேண்டும். 1857 கலகத்தில் அந்தக் கடிப்பும் ஒரு காரணம். அதிகாரத்துக்குச் சிப்பாயின் பல் கடிக்க வேண்டும், கடைச் சிப்பந்தியின் பல் மின்ன வேண்டும்.

தம்பியின் அப்பாவுக்கு மேல்வரிசையில் நான்கு பல் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாய் முழுக்கச் சிரிப்பார். “நமக்கு எவன் இன்டர்வியூ வைக்கப் போறான்” என்றார் நோட்டீஸைப் பார்த்துவிட்டு. ஆனால் பையனுக்குச் செலவு செய்யக் கூட்டுறவு வங்கியில் நகை வைக்கலாமா என்று அன்று சாயங்காலம் என்னிடம் விசாரித்ததும் அவர்தான். வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்துத் துணிக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள். விற்பனைப் பிரிவுக்கு அல்ல, பின்பக்கக் கிடங்குக்கு. சம்பளம் இரண்டாயிரம் குறைவு. “பரவால்லண்ணே, அங்க யாரும் சிரிக்கச் சொல்ல மாட்டாங்க” என்றான். சொல்லும்போதும் கை வாயில்தான் இருந்தது.