தூரத்துக் கடலும் வாசல் தண்ணீரும்

வெனிஸில் இருக்கும் சான் லொரென்சோ தேவாலயத்தின் முகப்புக்குப் பளிங்கு பதிக்கும் வேலை நடக்கவே இல்லை; இன்றும் வெறும் செங்கல்தான். உள்ளே நட்டநடுவில், கூடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, பிரம்மாண்டமான பலிபீடம் நிற்கிறது. ஒரு பக்கம் மடத்துக் கன்னியர், மறுபக்கம் ஊர்மக்கள் என்று இருந்த காலத்து ஏற்பாடு. 1984இல் லூயிஜி நோனோவின் ‘ப்ரொமெதேயோ’ இசைப் படைப்பு இங்கேதான் அரங்கேறியது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த இந்தக் கட்டடம் 2019 மார்ச்சில் ‘ஓஷன் ஸ்பேஸ்’ என்ற கண்காட்சிக்கூடமானது. நடத்துவது, ஃபிரான்செஸ்கா தைசன்-போர்னமிசா தொடங்கிய டிபிஏ21 அறக்கட்டளையின் அகாடமி. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும் பருவம், எடுத்துக்கொள்ளும் பொருள் கடல் மட்டுமே, நுழைவுக்கட்டணம் கிடையாது.

கடலைத் தலைப்பாக வைத்த கண்காட்சிகளுக்கு இப்போது பஞ்சமில்லை. நீலத்தில் நாலு கேன்வாஸ், பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு திமிங்கிலம், புவி வெப்பமாதல் பற்றிச் சுவரில் ஒரு பத்தி, வேலை முடிந்தது. ஓஷன் ஸ்பேஸ் இந்தச் சுலபத்திலிருந்து பெருமளவு தப்பியிருக்கிறது. ஏற்கெனவே இருப்பவற்றைத் திரட்டி மாட்டாமல், இந்த இடத்துக்கென்றே கலைஞர்களைப் புதிதாகச் செய்யச் சொல்வதுதான் காரணம். பீடம் கூடத்தைப் பிரித்துவிடுவதால் பல பருவங்களில் ஆளுக்கொரு பாதி கிடைத்துவிடுகிறது. ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்கும் குழுக்காட்சி நெரிசல் இல்லை.

2024 பருவத்தையே எடுத்துக்கொள்வோம். பூகன்வில் தீவின் கலைஞர் தாலோய் ஹவினி கியூரேட்டராக இருந்தார். டோங்கா வம்சாவளியினரான லதாய் தௌமோயெபௌ தன் பாதியில் துடுப்புப் பயிற்சி எந்திரங்களை நிறுத்தினார். உட்கார்ந்து துடுப்பு வலித்தால் டோங்காவின் பழைய துடுப்பு நடனத்துக்குரிய இசை கூடத்தில் எழும். அவர் எடுத்துக்கொண்ட விஷயம் ஆழ்கடல் சுரங்கம்: பசிபிக்கின் அடியில், நாலாயிரம் மீட்டருக்கும் கீழே, நிக்கலும் கோபால்ட்டும் மாங்கனீசும் அடங்கிய உருண்டைகளைப் பொறுக்கியெடுக்கும் திட்டம். அப்படி ஒரு நிறுவனத்துக்கு ஆதரவு நாடாக நிற்பது டோங்கா அரசேதான். ஆகவே வெளியார் கொள்ளை, தீவார் கண்ணீர் என்று எளிதில் பிரிகிற கதையில்லை இது. தோள் வலிக்க வலித்தால்தான் பாட்டு என்னும்போது, பார்வையாளர் வெறுமனே அனுதாபப்பட்டுவிட்டு நகர முடிவதில்லை. போதாததற்கு, நின்றுகொண்டு படகு வலிக்கும் தனி மரபு உள்ள ஊர் வெனிஸ். இரண்டு கடல்களும் ஒரே தோளில் சந்திக்கின்றன என்பதை எந்தச் சுவர்க்குறிப்பும் சொல்லவேண்டிய தேவையில்லை.

2021இல் ஹவினி செய்த ஒலிப்படைப்பும் இதே காரணத்தால்தான் நின்றது. கடலடியை அளக்கும் கப்பலின் சோனார் துடிப்பும் பூகன்வில் இசையும் அந்த உயர்ந்த கூடத்தில் கலந்தன. கேட்பவருக்கு வேலை இருந்தது. இவற்றோடு வைத்துப் பார்த்தால், 2019இன் முதல் காட்சியான ஜோன் ஜோனாஸின் ‘மூவிங் ஆஃப் தி லேண்ட் II’ எனக்குச் சற்றுக் கீழேதான் படுகிறது. பெரிய கலைஞர், மீன் கோட்டோவியங்கள் அருமை. ஆனால் மீன்காட்சியகங்களில் எடுத்த படங்கள் கடலைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிடுகின்றன. பார்ப்பதோடு முடிந்தது.

பெரிய குறை வேறு. பசிபிக்குக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் கூடம், வாசற்படியைத் தொடும் தண்ணீரைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறது. வெனிஸின் காயலைப் போல அரசியல் நிறைந்த நீர் ஐரோப்பாவில் அதிகம் இல்லை. மார்கெராவின் பெட்ரோ ரசாயன ஆலைகள் அதன் கரையில்தான். ராட்சச உல்லாசக் கப்பல்களுக்கு எதிராக ஊர்க்காரர்கள் பல வருடம் போராடிய பிறகுதான், 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்க்கோ சதுக்கத்தின் முன்னால் போகக்கூடாது என்ற தடை 2021 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. பேச்சுகளிலும் பட்டறைகளிலும் காயல் வருவதுண்டு. கூடத்தின் நடுவிடம் அதற்குக் கிடைப்பது அபூர்வம். 2023இல் சிமோன் ஃபத்தால் வெகு அருகில் வந்தார். மத்தியதரைக் கடல் மாலுமிகளும் வணிகர்களும் பேசிய கலப்பு மொழியின் வரிகளை முரானோ கண்ணாடி உருண்டைகளில் பொறித்து வைத்தார். உள்ளூர்க் கைத்தொழிலும் கடலின் வரலாறும் ஒரே பொருளில் கூடின. அந்த வழியில் இன்னும் தொடர்ந்திருக்கலாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தைசன் குடும்பச் செல்வம் எஃகுத் தொழிலில் வேர்விட்டது. அதனாலேயே இந்த முயற்சியைத் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். இலவச நுழைவும் புதுப் படைப்புகளும் அந்தப் பணத்தால்தான். ஆனால் சுரங்கத்தைக் கேள்வி கேட்கும் ஒரு கூடம், எஃகுக்குத் தாது எங்கிருந்து வந்தது என்று ஒரு பருவமாவது கேட்டிருந்தால் அதன் கேள்விக்குக் கனம் கூடியிருக்கும்.

எனக்கு அதிகம் உறுத்துவது நாட்காட்டிதான். முதல் பருவம் 2019 செப்டம்பரில் முடிந்தது. அந்த நவம்பர் 12ஆம் தேதி வெனிஸின் அலைமட்டம் 187 சென்டிமீட்டருக்கு ஏறி, ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. 1966க்குப் பிறகு அவ்வளவு உயரம் வந்ததில்லை. பருவங்கள் வசந்தத்தில் திறப்பதற்குப் பியனாலே கலைவிழாவுக்கும் சுற்றுலாவுக்கும் வருகிற கூட்டம் காரணமாக இருக்கலாம். கடல் மட்டம் ஏறுவதோ இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும்தான். ஒரு காட்சியையாவது நவம்பரில் திறந்து பிப்ரவரிவரை நடத்திப் பார்க்கலாம். வெளியூர்க் கூட்டம் குறையும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வெனிஸ்காரர்கள் வருவார்கள்.