தழும்பில்லாத ஒட்டு

லினக்ஸ் கணினியில் பென்டிரைவைச் செருகினால் அது இரண்டு முகங்களோடு தெரியும். 'டெவ்' கோப்பகத்தில் 'எஸ்டிபி1' போன்றொரு பெயர் முளைக்கும், அது கருவி. மவுன்ட் செய்த பிறகு, அதாவது கோப்பக மரத்தில் பொருத்திய பிறகு, வேறொரு கோப்பகத்துக்குள் படங்களும் பாடல்களும் வந்து நிற்கும், அது கோப்பமைப்பு. முதல் பெயருக்குப் பின்னால் இருப்பது எண்ணிட்ட கட்டங்களின் வரிசை மட்டுமே. எந்தக் கட்டம் எந்தப் படத்துக்கு உரியது என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் படித்தறிந்த பிறகே இரண்டாவது கிடைக்கிறது. விண்டோஸின் 'டி டிரைவ்' இரண்டையும் ஒரே எழுத்துக்குள் காட்டிப் பழக்கியிருப்பதால், புதிதாக வருபவர்கள் குழம்புவது இயல்பு.

கருவியையும் கோப்பமைப்பையும் பிரித்தது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. பெல் ஆய்வகத்தில் தாம்ப்சனும் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே, 1971 நவம்பரில், மவுன்ட் இடம்பெற்றுவிட்டது. வட்டுகள் எத்தனை இருந்தாலும் பயனருக்கு மரம் ஒன்றுதான். இடம் போதாவிட்டால் பெரிய வட்டை அதே கோப்பகத்தில் பொருத்தலாம். ஒரு நிரலையும் திருத்த வேண்டாம். இந்தக் கணினியில் வட்டே இல்லாத கோப்பமைப்புக்கும் இது வழிவிட்டது: லினக்ஸின் 'ப்ராக்' கோப்புகளை, கேட்கும் கணத்தில் கெர்னலே எழுதித் தருகிறது. என்எஃப்எஸ் என்ற கோப்பமைப்போ வேறொரு கணினியின் வட்டிலிருந்து வருகிறது.

ஆனால் பிரித்த பிறகும் பின்வாசல் திறந்தே கிடக்கிறது. மவுன்ட் ஆகியிருக்கும் வட்டின் மேலேயே 'டிடி' கட்டளையால் நேரடியாக எழுதினால், லினக்ஸ் வழக்கமான அமைப்பில் தடுக்காது, கோப்பமைப்பு சிதையும். 2024 மார்ச்சில் வந்த 6.8 கெர்னலில் இதைத் தடுக்கும் தெரிவு சேர்ந்தது. எனினும் இயல்புநிலை அனுமதிதான். மவுன்ட் ஆன எக்ஸ்ட்4 வட்டின் அமைவுகளை மாற்றும் பழைய கருவிகள் இந்த வழியைத்தான் நம்பியிருக்கின்றன என்பது காரணம். காரணம் உண்மைதான், ஆனால் சில கருவிகளின் வசதிக்காக எல்லாருடைய தரவையும் ஆபத்தில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிடப் பெரிய குறை ஓசையில்லாதது. ஒட்டுமாங்கன்றில் ஒட்டுப்போட்ட இடம் தழும்பாகத் தெரியும். இந்த மரத்தில் தெரியாது. '/பேக்கப்' என்ற கோப்பகத்தில் தனி வட்டைப் பொருத்தியிருக்கிறோம் என்று கொள்வோம். வட்டு கிடைக்காவிட்டாலும் கணினி நிற்காமல் எழட்டும் என்று 'நோஃபெயில்' என்ற தெரிவைப் போட்டிருக்கிறோம். ஒருநாள் கேபிள் தளர்ந்து வட்டு வரவில்லை. கோப்பகம் மட்டும் அதே பெயரில் காலியாக இருக்கிறது. இரவு ஓடும் பேக்கப் நிரல் அதற்குள் எழுதுகிறது, பிழைச்செய்தி ஏதுமில்லை. நகல்களெல்லாம் எந்த வட்டு கெட்டால் தேவைப்படுமோ அதே வட்டில் சேர்கின்றன. பிறகு கேபிளைச் சரிசெய்து மவுன்ட் செய்தால், இடையில் எழுதியவை அடியில் மறைந்துவிடும். 'டிஎஃப்' கட்டளை மூல வட்டு நிரம்பியது என்கிறது; 'டியூ' கட்டளையால் கணக்குப் போட்டால் அவ்வளவு கோப்புகள் இல்லை. இரண்டுமே பொய் சொல்லவில்லை: ஒன்று கோப்பமைப்பைக் கேட்கிறது, மற்றது கண்ணுக்குத் தெரியும் மரத்தை நடந்து எண்ணுகிறது. நிர்வாகி ஒரு பகல் முழுவதும் தேடுவார்.

தப்பிக்க வழியுண்டு. எழுதும் முன் 'மவுன்ட்பாயின்ட்' கட்டளையால் சோதிக்கலாம். அதைவிட உறுதியானது, வட்டைப் பொருத்துவதற்கு முன்பே அந்தக் காலிக் கோப்பகத்துக்கு 'மாற்றக்கூடாது' என்ற குறியை இடுவது. வட்டு வராத இரவில் நிரல் எழுத முயன்றதும் பிழை காட்டி நின்றுவிடும்.