ஓதாமல் விடும் அடுத்த வசனம்

பெற்றோரைப் பேணுதல் பற்றிப் பேசாத மேடை நம் சமுதாயத்தில் இல்லை. ரமலான் இரவின் பயானாயினும், நிக்காஹ் மஜ்லிஸின் உபதேசமாயினும், மக்தப் பிள்ளைகளுக்கென எழுதப்பெற்ற சிறு நூலாயினும், பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24 ஆம் வசனங்கள் அங்கே வந்தே தீரும். தன்னையன்றி எவரையும் வணங்கலாகாது என்று ஆணையிட்டதை அடுத்துப் பெற்றோருக்கு நன்மை செய்யுமாறு இறைவன் ஏவியதையும், அவர்களை நோக்கி 'உஃப்' என்றும் சொல்லலாகாதென விலக்கியதையும், அவர்களுக்காக இறைஞ்சக் கற்பித்ததையும் கேளாத முஸ்லிம் செவி இல்லை. இவ்விடத்தில் பேச்சாளர் துஆவுக்குச் சென்றுவிடுகின்றார். நூலாசிரியர் அடுத்த தலைப்புக்குப் போய்விடுகின்றார். 25 ஆம் வசனத்தை ஓதி விளக்குவோர் மிக அரியர்.

இந்த விடுபாடு சிறியதன்று. அறிவு மங்கிய தாயையோ தந்தையையோ வீட்டில் வைத்துப் பார்த்து வருவோர் பலருடைய உள்ளம் உடைவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதுமையில் நினைவும் அறிவும் படிப்படியாகத் தேயும் நிலையை மருத்துவர்கள் டிமென்ஷியா என்பர். 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர் விவரித்த நோயே இதற்குப் பெருங்காரணமாகும். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 100க்கு 7 பேருக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர் இந்நிலையில் இருப்பதாக 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அரபு மொழி இதனைக் 'கரஃப்' என்னும். திருமறையோ நஹ்ல் அத்தியாயத்தின் 70 ஆம் வசனத்திலும் ஹஜ் அத்தியாயத்தின் 5 ஆம் வசனத்திலும், அறிந்தபின் ஒன்றும் அறியாமற்போகும் இப்பருவத்தை 'அர்தலுல் உமுர்', வயதின் மிகத் தாழ்ந்த நிலை, என்று குறிக்கின்றது. அந்நிலைக்குத் திருப்பப்படுவதிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் காவல் தேடினார்கள். அந்த துஆவை ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள், ஆசிரியர் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பது போலத் தம் மக்களுக்குக் கற்பித்து வந்தார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. அண்ணலாரே காவல் தேடிய ஒரு சோதனையைத் தாங்குவதற்கு எளிதானது போலப் பேசுவது நமக்குத் தகுமா?

அச்சோதனை ஒரு வீட்டினுள் எவ்வாறு நிகழ்கின்றது என்பதைப் பாருங்கள். உம்மா ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் இருபது முறை கேட்கின்றார். இது பிடிவாதமன்று. புதிதாகக் கேட்டதைப் பதித்து வைக்கும் மூளைப்பகுதி முதலிலேயே பழுதுற்றுவிடுவதால், இருபதாம் முறையும் அவருக்கு அது முதல் முறையே. வாப்பா ஒரே லுஹரை நான்கு தடவை தொழுகின்றார். தம் மோதிரத்தைத் தாமே ஒளித்து வைத்துவிட்டு, மகள் திருடிவிட்டாள் என்று அண்டை வீட்டாரிடம் சொல்லுகின்றார். மஃரிபு ஆனதும் தாம் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டின் வாசலில் மூட்டையுடன் நின்று, "என்னை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள்" என்று அழுகின்றார். இரவு உறக்கமில்லை, பகலில் வீட்டு வேலை ஓய்வதில்லை. இவ்வாறு ஆண்டுகள் கழிகையில், ஒருநாள் மகளின் குரல் உயர்ந்துவிடுகின்றது. மறுகணமே அவளுக்கு நினைவுக்கு வருவது நாம் மேடையில் முழங்கிய அந்த வசனமே. 'உஃப் என்று சொல்லிவிட்டேனே, என் அமல்களெல்லாம் அழிந்தனவோ' என்று அவள் இரவெல்லாம் கலங்குகின்றாள். மஸ்அலா கேட்பார் போல வந்து இவ்வாறு அழுதவர்களை நான் கண்டிருக்கின்றேன்.

இவர்களுக்கு நம் பயான்கள் கூறாதவற்றை முன்னோரின் விரிவுரைகள் கூறியுள்ளன. 'உஃப்' என்பதை அரபு இலக்கணிகள் 'இஸ்மு ஃபிஃல்' என்பர். பெயர்ச்சொல் போல் தோன்றி, 'நான் சலிப்புறுகின்றேன்' என்னும் வினைப்பொருள் தரும் சொல் அது. ஒரு சொல்லைச் சொல்லற்க என்று விலக்கும்போதே, அது நாவின் நுனிவரை வரக்கூடியது என்பதும் உணர்த்தப்படுகின்றது. விலக்கப்பட்டது சொல்லுதல், சலிப்பு நெஞ்சில் எழுவதே பாவமென்று வசனம் கூறவில்லை. இவ்வேறுபாட்டை நாம் எடுத்துக் கூறாமையால், களைப்படைவதையே குற்றமென்று மக்கள் எண்ணிவிட்டனர்.

ஹிஜ்ரி 538-இல் (கி.பி. 1144) மறைந்த ஸமக்ஷரீ, கொள்கையில் முஃதஸிலாவாயினும் சொல்லாராய்ச்சியில் தலைசிறந்தவர். அவர் தம் 'கஷ்ஷாஃப்' விரிவுரையில், அவ்வசனத்திலுள்ள 'உன்னிடத்தில்' என்னும் பொருள்படும் சொல்லுக்கு நுட்பமான விளக்கம் தருகின்றார். முதியோர் வேறு காப்பாளர் இன்றிப் பிள்ளையின் வீட்டிலேயே தங்கிவிடும் நிலையை அச்சொல் குறிப்பதாகவும், அது பிள்ளைக்கு மிகவும் கடினமானது என்றும், குழந்தைப் பருவத்தில் பெற்றோர் அவனுக்குச் செய்தவற்றை அவன் அவர்களுக்குச் செய்ய நேரிடலாம் என்றும் விளக்குகின்றார். தபரீ தம் விரிவுரையில் எடுத்துத் தரும் முஜாஹித் (ரஹ்) அவர்களின் கூற்றோ இன்னும் வெளிப்படையானது. மலசலம் அகற்றும் நேரத்தையே அவர் பேசுகின்றார். பல நூற்றாண்டுகளுக்கு முன்னிருந்த இப்பெருமக்கள் நனைந்த படுக்கையை அறிந்திருந்தனர். நம் மேடைகளோ அதைச் சொல்லக் கூசுகின்றன.

இனி 25 ஆம் வசனத்துக்கு வருவோம். உங்கள் உள்ளங்களில் உள்ளதை உங்கள் இறைவன் நன்கறிவான் என்பதும், நீங்கள் நல்லோராக இருப்பின், திரும்பி வருவோரை அவன் மன்னிப்பவன் என்பதும் அதன் கருத்து. பெற்றோரைப் பற்றிய ஆணைக்கு அடுத்து மன்னிப்பைப் பற்றிய பேச்சு ஏன் வந்தது? ஹிஜ்ரி 95-இல் ஷஹீதான தாபிஈ ஸயீது இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள் இதற்கு விடை தந்துள்ளார்கள். பெற்றோருக்கு நன்மையையே நாடியிருக்கும் ஒருவனிடமிருந்து, அவனையும் மீறி அவர்கள்பால் திடீரென வெளிப்பட்டுவிடும் பிழையைப் பற்றியது இவ்வசனம் என்பது அவர்களின் விளக்கம். இப்னு கஸீர் இவ்வசனத்தின் கீழேயே இதனை எடுத்தெழுதியுள்ளார். ஆக, கட்டளையிட்ட இறைவன், அக்கட்டளையை நிறைவேற்ற முயன்று இடறுவோரையும் அறிந்து, அவர்களுக்குரிய ஆறுதலை அடுத்த வசனத்திலேயே வைத்துள்ளான். நாம் அதனை ஓதாமல் எழுந்து சென்றுவிடுகின்றோம்.

இவ்வரிகளை எழுதுபவனும் இக்குறையிலிருந்து விலகியவன் அல்லன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்கு இவ்வசனங்களைப் பாடம் நடத்தியும், நானும் 24-இலேயே நின்றேன். என் தாயார் தம் இறுதி நான்கு ஆண்டுகளை இந்நிலையில் கழித்தார்கள். ஒரு ஸுப்ஹு வேளையில், மூன்றாம் முறையாகப் படுக்கையை மாற்றும்போது, அச்சொல் என் வாயிலிருந்து வந்துவிட்டது. உம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு வாப்பா? நல்லாப் பாத்துக்கிடுறீங்க" என்றார்கள். அன்று வகுப்பில் எனக்குக் குரல் எழவில்லை. அதன் பின்னரே 25 ஆம் வசனத்தின் விரிவுரையை, தேவையுடையவன் வாசிப்பது போல வாசித்தேன். இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. நான் மாற்றிய படுக்கைகள் சில. மற்ற இரவுகளில் எல்லாம் அதனை மாற்றியவர் என் மனைவி.

மேடைகளில் சொல்லப்படும் வரலாறுகளையும் இவ்வாறே மறுவாசிப்புச் செய்தல் வேண்டும். குகையில் அகப்பட்ட மூவர் பற்றிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அவருள் ஒருவர் பால் கிண்ணத்தை ஏந்தி, உறங்கிவிட்ட பெற்றோர் விழிக்கும்வரை விடியுமட்டும் நின்றார். அவர் நின்றதை நாம் சொல்லுகின்றோம். அவர் காலடியில் குழந்தைகள் பசியால் அழுதுகொண்டிருந்ததை விரைந்து கடந்துவிடுகின்றோம். ஹதீஸ் அதனை மறைக்கவில்லை. பேணுதலுக்கு ஒரு விலையுண்டு என்பதையும், அதனை வீட்டிலுள்ள பிறரும் செலுத்துகின்றனர் என்பதையும் அது ஒளிவின்றிக் காட்டுகின்றது. மேலும், அங்கே பேசப்படுவது மேய்ச்சலுக்குத் தொலைவு சென்று தாமதித்துத் திரும்பிய ஓர் இரவு. நம் சகோதரி விழித்திருப்பதோ ஆயிரம் இரவுகள்.

மற்றொன்று, தாயைச் சுமந்து கஅபாவைச் சுற்றிய யமன் நாட்டவரின் செய்தி. தாம் கைம்மாறு செய்துவிட்டோமா என்று அவர் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் வினவ, பேற்று வேதனையின் ஒரு முனகலுக்கும் அது ஈடாகவில்லை என்று விடை வந்ததை இமாம் புகாரியின் 'அல்அதபுல் முஃப்ரத்' கூறுகின்றது. இதனை நாம் களைத்தவர் முதுகில் இன்னொரு சுமையாக ஏற்றுகின்றோம். எனக்கு அது வேறு விதமாகப் படுகின்றது. தீர்க்கவே இயலாத கடன் என்று தெரிந்தபின், தீர்க்கவில்லையே என்று ஒருவர் தம்மை வதைத்துக்கொள்ள என்ன இருக்கின்றது? கணக்கு முடியாதது என்பதே, கணக்குப் பார்க்காமல் இயன்றதைச் செய்யலாம் என்னும் விடுதலையாகும்.

ஷரீஅத்தின் சட்டங்களிலும் இவ்விடுதலை உண்டு. அறிவு நீங்கியவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே அறிவு முற்றும் மங்கிய வாப்பாவின் தொழுகை தவறியதற்காக மகன் வருந்த வேண்டியதில்லை. நான்கு முறை தொழுவாராயின் தடுத்து மனம் நோகச் செய்யவும் வேண்டியதில்லை. என்றோ மவுத்தான கணவரை உம்மா தேடும்போது, ஒவ்வொரு முறையும் மரணச் செய்தியைச் சொன்னால் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதிய மையித்து வீடாகிவிடும். பொய் சொல்லவும் நா கூசும். இதற்கே நம் நூல்களில் 'தவ்ரியா' என்றொரு வழி இருக்கின்றது. "அவர் அல்லாஹ்வின் காவலில் இருக்கின்றார் உம்மா" என்பது உண்மை. அது நெஞ்சையும் கீறாது. மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்தல் மருமகளின் கடமையென நம் பிக்ஹு நூல்கள் விதிக்கவில்லை. அவள் செய்வது இஹ்ஸான், உபகாரம். மகன் பெயரில் பாராட்டும் மருமகள் தலையில் வேலையும் விழும் வீடுகளில் இதனை உரக்கச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்து பணம் அனுப்பும் மக்களும், 'உம்மாவை நன்றாகப் பாருங்கள்' என்று தொலைபேசியில் கூறுவதோடு நில்லாமல், விடுப்பில் வரும்போது சில இரவுகளையாவது தம் பங்காக ஏற்கலாமன்றோ?

இலக்கியத்திலும் இதே மௌனத்தைக் காண்கின்றோம். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டில், கோலூன்றிய முதியவர் தம் இளமையை எண்ணி இரங்குகின்றார்; அவருக்குச் சோறூட்டியவர் அங்கே பேசவில்லை. கிஸ்ஸா, மஸ்அலா, நாமா, முனாஜாத், படைப்போர் என்று தமிழுக்குப் புது வகைகளையே ஈந்த நம் புலவர் மரபிலும் அக்குரலை நான் கேட்டதில்லை. முனாஜாத் என்பதற்கு இரகசியமாக உரையாடுதல் என்பது பொருள். எவரிடமும் சொல்லவியலாத களைப்பை இறைவனிடம் சொல்லுவதற்கு இதனினும் பொருந்திய வகை ஏது? தாயின் படுக்கையருகே விழித்திருக்கும் ஒரு மகளின் முனாஜாத்தை நம் கவிஞருள் ஒருவரேனும் எழுத வேண்டும்.

இவ்வளவும் கூறியது கொடுமைக்கு இடமளிக்க அன்று. முதியோரை அறையில் பூட்டுவதையும், அடிப்பதையும், அறிவற்ற நிலையில் அவர் கைநாட்டைச் சொத்துப் பத்திரத்தில் வாங்குவதையும் திடீர்ப் பிழை என்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது. 25 ஆம் வசனம் 'நீங்கள் நல்லோராக இருப்பின்' என்னும் நிபந்தனையோடேயே வருகின்றது.

அவ்வசனத்தில் மன்னிப்புக்குரியோராகக் கூறப்பட்டவர் 'அவ்வாபீன்'. திரும்புதல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்த மிகைவடிவம் அது. ஒரு முறையன்று, மீண்டும் மீண்டும் திரும்புவோர் என்பது பொருள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே நாம் தொழும் நஃபிலுக்கும் இப்பெயரையே வைத்துள்ளோம். அறிவு மங்கிய முதியோர் பெரிதும் தடுமாறும் நேரமும் அதுவே. வாசலில் மூட்டையுடன் நிற்கும் உம்மாவின் கையைப் பற்றி உள்ளே அழைத்து வருவதில் அத்தொழுகையைத் தவறவிட்ட மகளே! சற்று முன் குரலை உயர்த்திவிட்டு, இப்போது அதே கைக்குத் திரும்பி வந்திருக்கின்றாய். அச்சொல்லின் பொருள் உனக்கும் பொருந்துமென்றே நான் நம்புகின்றேன். அடுத்த முறை இவ்வசனங்களை ஓதும் ஆலிம்கள், இன்னும் ஒரு வசனம் ஓதிவிட்டு துஆச் செய்வார்களாக. பேணுவோரின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, பேணப்படுவோர் மீது கருணை பொழிவானாக. ஆமீன்.