பின் சீட்டும் கோழி வரியும்: ஒரு சுங்கத் தீர்ப்பை வாசித்தல்

கோயம்புத்தூரில் உதிரிபாகம் இறக்குமதி செய்யும் நண்பர் ஒருவருக்குச் சுங்கத்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. "இந்த கோட்ல போட்டா டியூட்டி கம்மி சார், எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க" என்று ஏஜென்ட் சொன்ன எட்டு இலக்க எண்ணை அப்படியே போட்டிருக்கிறார். இப்போது வித்தியாசத் தொகையையும் வட்டியையும் கேட்கிறார்கள். "வரியை மிச்சம் பிடிக்கிறது தப்பாடா?" என்று போனில் கேட்டார். உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேடப் போய் ஃபோர்டு கம்பெனியின் வழக்கில் வந்து நின்றேன். நான் வக்கீல் இல்லை, கோட் எழுதிப் பிழைப்பவன். இதை ஒரு வாசகனின் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கதை கோழியில் தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை ஏற்றின. பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன் உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சரக்கு வண்டி ஆகிய நான்கிற்கும் 25% வரி போட்டார். கோழிச் சண்டை முடிந்துவிட்டது. சரக்கு வண்டி மீதான வரி மட்டும் இன்னும் இருக்கிறது. பயணிகள் வண்டிக்கோ அப்போது 2.5% தான். கணக்குக்கு 20,000 டாலர் வண்டி என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு 500 டாலர், மற்றதற்கு 5,000 டாலர்.

2009இலிருந்து ஃபோர்டு தன் டிரான்ஸிட் கனெக்ட் வேன்களைத் துருக்கியிலிருந்து பின் சீட்டும் பின் ஜன்னலும் வைத்துக் கொண்டுவந்தது. பயணிகள் வண்டி என்று 2.5% கட்டியது. சுங்கம் தாண்டியதும் பால்டிமோரில் பல வண்டிகளின் பின் சீட்டைக் கழற்றிவிட்டுச் சரக்கு வேனாக விற்றது. அந்த சீட்டுகளுக்குத் தலைசாய்ப்பு கிடையாது, மலிவான துணி போர்த்தியவை. யாரும் உட்காரப் போவதில்லை என்று தெரிந்தே செய்த சீட்டு.

2017இல் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் ஃபோர்டு பக்கம் தீர்ப்பளித்தது. துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது பொருள் எப்படி இருந்ததோ அதைத்தான் பார்க்க வேண்டும், அப்போது அது ஆள் ஏறும் வண்டி என்பது வாதம். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் திருப்பிப் போட்டது. பட்டியலின் 8703ஆம் தலைப்பு 'முதன்மையாக ஆட்களை ஏற்றிச் செல்ல வடிவமைக்கப்பட்ட' வண்டி என்கிறது. அப்படியானால் எதற்காகப் பயன்படப் போகிறது என்பதையும் பார்க்கலாம், சீட்டைக் கழற்றியதும் அதில் அடங்கும் என்றது. 2024இல் ஃபோர்டு 36.5 கோடி டாலர் கொடுத்து அரசோடு சமரசம் செய்துகொண்டது.

முதல் வாசிப்பில் நான் ஃபோர்டு பக்கம் இருந்தேன். விதியில் எழுதியிருப்பதைத்தானே செய்தார்கள்? ஸ்பெக் தப்பாக இருந்தால் ஸ்பெக்கைத் திருத்தணும், அதைப் படிச்சவனைத் தண்டிக்கக் கூடாது. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2003இல் டாய் பிஸ் என்ற கம்பெனியின் வழக்கில் எக்ஸ்-மென் பொம்மைகள் மனிதர்களா என்ற கேள்வி வந்தது. மனித உருவம் என்றால் 12%, மற்ற பொம்மை என்றால் 6.8%. நீதிபதி பொறுமையாகப் பார்த்து, இவர்கள் மனிதர்கள் இல்லை என்று தீர்ப்பளித்தார். கேள்விதான் அபத்தம், பதில் நேர்மையானது. 2007இல் உலகச் சுங்க அமைப்பு பட்டியலைத் திருத்தியபோது பொம்மைகளுக்கான தனித் தலைப்பையே எடுத்துவிட்டு மற்ற விளையாட்டுச் சாமான்களோடு சேர்த்துவிட்டது. பிழை இருந்தது விதியில், திருத்தியதும் விதியை.

மறுபடி படித்தபோது வித்தியாசம் உறைத்தது. வோல்வரின் பொம்மை கடைக்குப் போன பிறகும் அதே வோல்வரின்தான். அதை வாங்கும் குழந்தைக்கும் அது மனிதன் இல்லை. ஃபோர்டின் பின் சீட்டோ அதிகாரியின் கண்ணுக்காக மட்டும் இருந்தது. பொருளையே மாற்றி வரியைக் குறைப்பது ஒன்று, பொருளுக்கு வேஷம் போட்டுக் குறைப்பது வேறொன்று. ஆகவே தீர்ப்பின் முடிவு சரி என்றே இப்போது நினைக்கிறேன்.

ஆனால் அந்தத் தீர்ப்பு போன வழி எனக்கு உறுத்துகிறது. பொருள் உள்ளே வந்த பிறகு நடப்பதையும் பார்க்கலாம் என்று கதவைத் திறந்தவர்கள், எவ்வளவு தூரம் திறக்கலாம் என்று கோடு போடவில்லை. இறக்குமதி செய்பவரே முன்கூட்டித் திட்டமிட்டதை மட்டும் பார்க்கலாமா, வாங்கியவர் பிறகு செய்வதையும் பார்க்கலாமா? ஃபோர்டு கூட இருபது வக்கீல் வைத்து இந்தக் கேள்விக்கு மல்லுக்கட்டலாம். நம்ம நண்பர் மாதிரி ஆளால் முடியாது. கோழிக்காகப் போட்ட வரி ஏன் வேன் மேல் இன்னும் இருக்கிறது என்று அந்த நாட்டுச் சட்டமன்றம் கேட்டிருந்தால், அந்த சீட்டைச் செய்ய வேண்டிய அவசியமே வந்திருக்காது. பத்து மடங்கு வித்தியாசத்தை எழுதி வைத்துவிட்டு, யாரும் அதைத் தாண்ட வழி தேடக் கூடாது என்றால் எப்படி?

இனி நண்பருக்கு. சுங்கப் பட்டியலின் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்கப் பொது, அதனால் இந்தப் பிரச்சினை நமக்கும் அந்நியமில்லை. 2011இலிருந்து இங்கே சுய மதிப்பீடுதான். பில் ஆஃப் என்ட்ரியில் போடும் எண்ணுக்கு இறக்குமதியாளரே பொறுப்பு, ஏஜென்ட் சொன்னார் என்பது பதிலாகாது. சுங்கச் சட்டம் 28ஆம் பிரிவில் சாதாரணத் தவறுக்கு இரண்டு ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம், தெரிந்தே மறைத்தது என்றால் ஐந்து ஆண்டு. சந்தேகம் இருந்தால் சரக்கு வரும் முன்பே முன்தீர்ப்பு ஆணையத்திடம் கேட்கும் வசதி சட்டத்திலேயே இருக்கிறது. ஏற்றுமதி செய்பவர்களுக்கு டிராபேக், அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் என்று வெளிப்படையாக எழுதிய சேமிப்பு வழிகளும் இருக்கின்றன.

போனில் அவர் கேட்டதற்கு இப்போது என் பதில்: மிச்சம் பிடிக்கிறது தப்பில்லை. நீ போட்ட எண்ணுக்கான காரணத்தை அதிகாரி முன்னால் உட்கார்ந்து முழுசாகச் சொல்ல முடியுமா என்று பார். முடியும் என்றால் போராடு. முடியாது என்றால் அது கழற்றப் போகிற பின் சீட்டு, கட்டிவிடு.