அச்சச் சுவையும் இளையோர் புனைகதையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு எனக் கூறுவர். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. இறை என்பதற்கு அரசன் என்ற அளவில் நில்லாது, தந்தையையும் ஆசிரியரையும் உளப்படுத்திப் பொருள் உரைத்தலும் உண்டு. எதிர்நின்று மாறுபட இயலாமையே இந்நான்கிற்கும் பொதுவியல்பு எனலாம். மட்டக்களப்புத் தமிழகத்துக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், 1926 இல் வெளிவந்த மதங்க சூளாமணியில், செகசிற்பியாரின் பன்னிரு நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடும் சுவைகளோடும் பொருத்தி ஆராய்ந்தார். ஆதலின் பழைய அளவுகோலாற் புதிய பொருளை அளத்தல் இந்நாட்டார்க்குப் புதிதன்று. அவ்வளவுகோலைப் பதின்பருவத்தினர் விரும்பிப் படிக்கும் திகிற் கதைகளின்மேல் வைத்து நோக்குதல் தகும். அவை இலக்கியம் ஆகா என்று தள்ளுவோர் பலர்; தம் இளமையில் அவற்றைப் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படித்தவரும் அவரே.

அணங்கின் வழிப்பட்ட அச்சத்திற்குத் தமிழ்ப் பிள்ளைகள் பெற்ற முதற்பாடம் வேதாளக் கதை. 1947 இல் தொடங்கிய அம்புலிமாமா அதனை மாதந்தோறும் வீட்டுக்குள் கொணர்ந்தது. வாளேந்திய மன்னன் தோளிற் பிணத்தைச் சுமந்து சுடுகாட்டு வழியே செல்லும் ஓவியர் சங்கரின் படம், கதையை மறந்தோர் நெஞ்சிலும் நிற்பது. விடை தெரிந்தும் பேசாவிடின் தலை வெடிக்கும். பேசினாலோ வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறும். இத்துணைச் செறிவான இக்கட்டு வேறு கதைகளில் அரிது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. கதாசரித்சாகரத்திலுள்ள பழங்கதையின் முடிவில், மன்னனைப் பிணம் எடுக்க ஏவிய துறவியே அவனைப் பலியிடக் கருதியிருந்தமை வேதாளத்தின் வாயிலாக வெளிப்படும். அஞ்சத்தக்கது பேயன்று, ஏவியவன் என்பதே அக்கதையின் உயிர். இதழோ புதுப்புதுக் கதைகளைப் பின்னிப் பல்லாண்டு தொடர்ந்தமையின், ஒவ்வொரு திங்களும் வேதாளம் மரத்திற்கே மீண்டது. துறவியின் முகம் வெளிப்படும் நாள் வாசகருக்கு வாய்க்கவில்லை.

விலங்கைப்பற்றிக் கூற அதிகம் இல்லை. யானை வயலிறங்கும் படுவான்கரைப் பிள்ளைக்குப் புத்தகத்து யானை பெரிதன்று.

கள்வரால் வரும் அச்சத்தைத் தமிழில் இளையோர்க்கென வளர்த்தவருள் தலையாயவர் கல்கண்டு ஆசிரியர் தமிழ்வாணன். அவருடைய சங்கர்லால் இடருக்குள் நுழைவார், தேநீர் அருந்துவார், இறுதியில் முடிச்சவிழ்ப்பார். நடை தெளிவானது, சொல் தூயது, வேகம் குன்றாதது. இவற்றைக் குறைவாக மதித்தல் நன்றியின்மையாகும். நூலைக் கையில் எடுக்கும் பழக்கத்தையே பலருக்கு அவர் தந்தார். 1972 இல் சிவகாசியிலிருந்து புறப்பட்ட முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியும் அவ்வேகத்தினதே. எனினும் இவற்றில் அச்சம் கடைசிப் பக்கத்தோடு ஒழிகின்றது. கள்வனை வெல்ல ஒருவர் உளர் என்பது முதற்பக்கத்திலேயே தெரிந்தமையின், தொல்காப்பியர் கருதிய மாறுபட இயலாமை ஈண்டு இல்லை. இஃது அச்சம்போலத் தோன்றும் மருட்கையே.

நான்காவதாகிய இறையச்சமே இளையோர் புனைகதையில் இருள் மிக்கது. ஆங்கிலத்தில் அதனைக் கையாண்டோருள் றொபேட் கோமியர் குறிப்பிடத்தக்கவர். 1974 இல் வந்த அவரது 'த சொக்கலேற் வோர்' என்னும் நாவலில், பள்ளியின் கட்டளைக்கு இணங்க மறுத்த மாணவன் ஒருவன் தனித்து நின்று அடிபடுகிறான். அவனைக் காப்பார் இல்லை. 2008 இல் வெளிவந்த சுசான் கொலின்சின் 'த ஹங்கர் கேம்ஸ்' உலகெங்கும் பரவியது. பன்னிரு மாவட்டங்களினின்றும் ஆண்டுதோறும் ஆணொன்றும் பெண்ணொன்றுமாகச் சிறாரைத் திருவுளச்சீட்டாற் பிடித்து, ஒருவரையொருவர் கொல்ல விடும் அரசு அதன் பொருள். அயல்நாட்டு வாசகர் அதனைக் கற்பனை என்று சுவைப்பர். வாவியின் இரு கரையிலும் அதனைக் கற்பனை என்று படித்தல் எளிதன்று. விடுதலைப் புலிகள் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்த 2001 ஆம் ஆண்டிற்குப் பிந்திய காலத்தைத் தாய்மார் மறந்திலர். அதற்கு முன், 1990 செப்டெம்பரில், அரச படையால் நேர்ந்தவற்றையும் மறந்திலர்.

இவ்வச்சம் தமிழில் எழுதப்படாமற் போகவில்லை. ஷோபாசக்தியின் கொரில்லா 2001 இல் வெளிவந்தது. தந்தையின் வன்முறைக்குள் வளர்ந்து இயக்கத்திற் சேரும் இளைஞன், அங்கும் அஞ்சி வாழ நேர்கின்றமை அதிற் காணப்படும். தந்தையையும் ஆள்வோரையும் இறை என்னும் ஒரு சொல்லுள் அடக்கிய மரபின் கூர்மைக்கு அந்நாவலினும் தக்க சான்று வேண்டா. ஆனால் அது முதிர்ந்தோர் நூல்; அதன் எள்ளலும் மொழியும் பதினான்கு வயதினனை நோக்கியன அல்ல. அவ்வயதினன் கையில் இருப்பதோ துப்பறியும் கதை, அன்றேல் மொழிபெயர்ப்பு.

பிள்ளைகளை மீண்டும் அச்சுறுத்துவானேன் என்று ஆசிரியர் சிலர் வினவுதல் கூடும். வினா நேரியதே. ஆயினும் 2009 இன் பின் பிறந்தோர் சுவரில் மாலையிட்ட படங்களைப் பார்த்தே வளர்கின்றனர். யார் இவர் என்று கேட்டாற் பேச்சு மாறுகின்றது. சொல்லப்படாத அச்சம் சொல்லப்பட்டதினும் சிறிது என்று கொள்ளற்கு ஆதாரம் இல்லை.

அத்தகைய நூலை எழுதப் புகுவோர்க்குச் சங்கர்லாலின் கட்டமைப்பு உதவாது. வேதாளக் கதையின் பழைய முடிவு ஓரளவு உதவலாம். ஏவியவன் யார் என்று கேட்க அது கற்பிக்கின்றது. முடிச்சவிழும் இறுதி அத்தியாயத்தை வைக்க மட்டும் இடமில்லை. 1990 செப்டெம்பர் 5 ஆம் நாள் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து இராணுவத்தினர் கொண்டுசென்ற 158 பேர் மீளவில்லை.